மூன்றை முன்னே வைத்தபோது

வலியசாலையில் வளர்ந்த செவிகள் நம்முடையவை. நவராத்திரி வந்தால் கோட்டைக்குள் மண்டபத்துக் கச்சேரிக்கு நடந்தே செல்வோம். அங்கே கைதட்டுதல் வழக்கமில்லை. ஆகவே தொடையில் தாளம் போட்டு, மனத்துக்குள்ளேயே சபாஷ் சொல்லப் பழகியவர்கள் நாம். இத்தகைய நமக்கு, மாடி அறையில் மகன் கேட்கும் ஜாஸ் சங்கீதம் வெறும் இரைச்சலாகவே பட்டது. ஒருநாள், "அதை நிறுத்தடா!" என்று அதட்டிவிட்டோம். நிறுத்தினான். அன்றிரவு சாப்பிடவும் கீழே வரவில்லை. அதன்பின் பல நாள் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

பிறகு அவனே வந்தான். "அப்பா, ஒரே ஓர் உருப்படிக்குத் தாளம் போட்டுப் பாருங்கள்" என்றான். அமெரிக்கரான டேவ் புரூபெக் குழுவினர் 1959இல் இசைத்தட்டில் பதிந்த 'டேக் ஃபைவ்' அது. ஐந்து எண்ணிக்கை என்றதும் கண்ட சாபு என்று துணிந்து இரண்டும் மூன்றுமாகத் தட்டினோம். கை இடறிற்று. நாற்பதாண்டுக் கேள்வி ஞானம் இடறிற்று என்றே சொல்லவேண்டும்! "மூன்றை முன்னே வையுங்கள், அப்பா" என்றான். வைத்தோம், கை ஒட்டிக்கொண்டது.

அதன்பின் காதும் திறந்தது. பியானோ ஒரு சிறு அடியை விடாமல் வாசித்து நிற்க, பால் டெஸ்மாண்டின் சாக்ஸபோன் மெட்டைச் சொல்லிவிட்டு மனோதர்மத்தில் இறங்குகிறது. அடுத்து ஜோ மொரெல்லோவின் டிரம். நமது தனி ஆவர்த்தனமேதான். அது அடங்கியதும் பல்லவிக்கு மீள்வதுபோல் பழைய மெட்டு வந்துசேர்கிறது. ஆயினும் ஜாஸில் இராகம் தேடுவோர் ஏமாறுவர். பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் 'கார்டு'கள் அடுத்தடுத்து மாறிவரும். பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றிக்கொண்டே கற்பனை செய்கிறார்கள்.

இதே குழுவினர் 1958இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு, அவருடன் வாசித்தும் இருக்கிறார்கள். இடக்கையால் வாசித்த அம்மேதையின் லயத்தை அயல்நாட்டார் தேடி வந்து கேட்டபோது, அவர்கள் சங்கீதத்தை நாம் மாடிப்படியிலேயே விரட்டியிருக்கிறோம்!

சென்ற நவராத்திரிக்கு மகனும் வேட்டி கட்டி உடன் வந்தான். ஜாஸ் சபைகளில் ஒருவரது தனி வாசிப்பு முடிந்தவுடன், பாட்டின் நடுவிலேயே கைதட்டுவார்களாம். தனி ஆவர்த்தனத் தீர்மானம் விழுந்ததும் அவன் கைகள் தாமே உயர்ந்தன. சட்டென்று பற்றிக்கொண்டோம், கச்சேரி முடியும்வரை விடவில்லை.