ஜாக்சன் ஹைட்ஸ் வார்டில் ஒரு வசந்தம்

மார்ச் 20, 2025, வியாழன்

காலண்டர்படி வசந்தம் இன்று தொடங்குகிறது. கம்பளிக் கோட்டை இன்னும் கழற்ற முடியவில்லை. மதியம் செய்தி வந்தது. குடியுரிமை இல்லாதவர்களும் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற நியூயார்க் நகரச் சட்டத்தை, மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 6-1 என்று தள்ளிவிட்டது.

2021 டிசம்பரில் நகர மன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. கிரீன் கார்டோ வேலை அனுமதியோ இருந்து, நகரத்தில் 30 நாள் குடியிருந்தால் மேயருக்கும் மன்ற உறுப்பினருக்கும் ஓட்டுப் போடலாம். எட்டு லட்சம் பேருக்கு மேல் பயன்பெற்றிருப்பார்கள். அடுத்த ஜூனிலேயே கீழ்க் கோர்ட்டு தடுத்துவிட்டது. ஒரு தேர்தலில்கூட அது நடைமுறைக்கு வரவில்லை.

எச்-1பி விசாவில் இருக்கும் நானும் அந்த எட்டு லட்சத்தில் ஒருத்தி. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசையில் 2013 தொடக்கத்தில் நின்றவர்களையே இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். நான் அவர்களுக்கு வெகு பின்னால். வரி மட்டும் வரிசை பார்ப்பதில்லை, சம்பளம் வந்த அன்றே பிடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுக்கும், தீர்ப்பைப் படித்து அலுவலகத்தில் யாரும் தலை நிமிரவில்லை. எனக்கும் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கையில் வராத பொருளைப் பறிகொடுத்தவள் எப்படித் துக்கம் கொண்டாடுவது?

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் ஜாக்சன் ஹைட்ஸில், டிராவர்ஸ் பூங்காவை ஒட்டிய ஞாயிற்றுச் சந்தையில் இன்னும் ஆப்பிளும் உருளைக்கிழங்கும்தான். பச்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சந்தை வாசலில் பச்சையாக இருந்தது மனுத்தாள் மட்டும்தான். ஜூனில் கட்சி உள்தேர்தல் வருகிறது. வேட்பாளராக நிற்க வேண்டுமானால் கட்சியில் பதிந்த வாக்காளர்களிடம் இவ்வளவு கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அதற்காக அட்டையும் பேனாவுமாக இளைஞர்கள் வழியை மறித்து நிற்கிறார்கள்.

“டெமாக்ரட்டாகப் பதிந்திருக்கிறீர்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றதும் சிரித்தபடியே எனக்குப் பின்னால் வந்தவரிடம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தேவை கையெழுத்து. இந்தப் பக்கத்தில் நடப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதால், அவளும் பத்துப் பேரைக் கேட்டால்தான் ஒன்று தேறும் போலிருக்கிறது.

மார்ச் 29, சனி

சாந்த் ராத், ஈதுக்கு முந்திய பிறை இரவு. நாளை ஈத் என்று ஒரு சாராரும், நாளை மறுநாள் என்று மற்றவர்களும் சொன்னார்கள். வியாபாரம் பிறை பார்க்கக் காத்திருக்கவில்லை. 73, 74-ஆம் தெருக்களில் நடைபாதை முழுக்க மடக்கு மேசைகள். மருதாணிக் கூம்போடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு கை நீட்டினேன். மறு கையில் மளிகைப் பை.

73-ஆம் தெரு முனையில் ‘பங்களாதேஷ் தெரு’ என்று இன்னொரு பலகையும் தொங்குகிறது. 2023-இல், அந்த நாட்டின் விடுதலை நாளான மார்ச் 26 அன்று திறந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்சைடு அவென்யூவில் ‘லிட்டில் தாய்லாந்து வே’. தெருவின் பழைய எண்ணோ பெயரோ அப்படியேதான் இருக்கும், கூட ஒரு பெயர் சேரும். வார்டு உறுப்பினர் முன்மொழிந்து நகர மன்றம் சட்டமாக்க வேண்டும். செலவு ஒரு தகரப் பலகை. வார்டு அரசியலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேரை மகிழ்விக்கும் காரியம் வேறில்லை. ஏளனமாகச் சொல்லவில்லை. பலகைக்குக் கீழே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்பவர்களை ஒவ்வொரு ஈதுக்கும் பார்க்கிறேன்.

வார்டு என்று எழுதுவது ஊர்ப் பழக்கம். இங்கே மன்றத் தொகுதி என்பார்கள். சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு. எண்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் இந்த நகரத்துக்கு மொத்தமே 51. ஆக, ஒரு தொகுதிக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். கவுன்சிலரைத் தெருவில் நிறுத்திக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கும் வசதி கிடையாது. ஆனாலும் எங்கள் உறுப்பினரின் பெயர் சேகர் கிருஷ்ணன் என்பதால், அறிவிப்புத் தாள் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது போல ஒரு மயக்கம் வருகிறது. 2021 தேர்தலில் அவரும் ப்ரூக்ளினில் ஷஹானா ஹனீஃபும் ஜெயித்துத்தான் அந்த மன்றத்தில் முதன்முதலாகத் தெற்காசியர்கள் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று முதல் சமையல் கழிவைப் பழுப்புத் தொட்டியில் பிரித்துப் போடாவிட்டால் அபராதம். சின்னக் கட்டடத்துக்கு 25 டாலரில் தொடங்குகிறது, எங்களுடையது போன்ற பெரியதற்கு 100. கட்டடத்தைப் பராமரிக்கும் எங்கள் ‘சூப்பர்’ காலையிலேயே லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கறிவேப்பிலைக் காம்பும் தேங்காய் நாரும் போடலாமா என்று கேட்டேன். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எல்லாம் போடுங்கள், பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்.”

(பின் சேர்த்தது: மாதம் முடிவதற்குள் அபராதத்தைப் பெரும்பாலும் தளர்த்திவிட்டார்கள். சூப்பர் நோட்டீசைக் கிழிக்கவில்லை.)

ஏப்ரல், ஓட்டு வாரம்

இந்த ஊரில் எனக்கும் ஓர் ஓட்டு உண்டு. தேர்தல் ஓட்டு அல்ல. தொகுதிக்கான மூலதனப் பணத்தில் குறைந்தது பத்து லட்சம் டாலரை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களையே கேட்கும் ஓட்டு. பங்கேற்பு பட்ஜெட் என்பார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989-இல் பிறந்த முறை. நியூயார்க்கில் 2011-இல் நான்கு தொகுதிகளில் தொடங்கியது. எல்லாத் தொகுதிகளும் இதில் சேர்வதில்லை. உறுப்பினர் மனம் வைத்தால்தான் உண்டு.

தொகுதியில் குடியிருக்க வேண்டும், 11 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. எந்த விசா, எந்த நாடு, விசா உண்டா என்றே கேட்பதில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவன், குடிமகன், ஆனால் 18 ஆகவில்லை. நான் நாற்பதைத் தாண்டியவள், ஆனால் குடிமகள் இல்லை. அசல் தேர்தலில் இருவருமே வேடிக்கை பார்க்க வேண்டியவர்கள்தான். இன்று மட்டும் ஒரே மேசைக்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டோடு நின்றோம். அவன் தன் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

பட்டியலில் வழக்கமான சங்கதிகள்தான்: பள்ளிக் கழிப்பறையைப் புதுப்பிப்பது, மரம் நடுவது, பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகை, நூலகத்துக்குக் கணினி. ஏன் இப்படியே இருக்கிறது என்று நான் முன்பெல்லாம் சலித்துக்கொண்டதுண்டு. விதிதான் காரணம். ஒரு திட்டத்துக்குக் குறைந்தது 50,000 டாலர் ஆக வேண்டும், ஐந்தாண்டாவது நிலைத்து நிற்கும் பொருளாகவும் இருக்க வேண்டும். மூலதனப் பணத்தின் இலக்கணம் அது. ஆகவே கழிப்பறைக்கு ஓட்டுப் போடலாம், அதைக் கழுவுபவரின் சம்பளத்துக்கு முடியாது. நூலகத்துக்குக் கணினி வாங்கலாம், ஞாயிறன்று திறந்துவைக்க ஆள் போட முடியாது. இந்தப் பக்கத்து மக்களுக்கு அவசரமாக வேண்டியது வாடகைக்கு உதவியும் இலவசச் சாப்பாட்டு வரிசையில் அரிசி பருப்பும். அவை ஐந்தாண்டு நிற்காது.

அதனால் இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நகரத்தின் ஆண்டு பட்ஜெட் 11,000 கோடி டாலருக்கு மேல், அதில் பத்து லட்சம் என்ன மூலைக்கு என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் மிச்சமுள்ள கோடிகளைப் பற்றி என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்குத்தானே பதில் சொல்ல முடியும்?

இந்த வருடம் மேசைப் பக்கம் ஒரு தயக்கம் தெரிந்தது. எனக்கு முன்னால் குழந்தை வண்டியோடு நின்ற பெண், ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். என்ன என்று மகனிடம் விசாரித்தேன். பெயரும் முகவரியும் எழுத வேண்டுமா, அந்தத் தாள் எங்கே போகும் என்று கேட்டாளாம். மேசைக்காரப் பெண் பொறுமையாக விளக்கினாள். குடியேற்றத் துறைக்காரர்கள் எந்தத் தெருவில் வந்தார்கள் என்ற வதந்தி தினமும் கைப்பேசியில் வரும் காலம் இது. ரூஸ்வெல்ட் அவென்யூவில் தள்ளுவண்டிகள் குறைந்திருப்பதை ரயில் படியில் இறங்கும்போதே பார்க்கலாம். அந்தப் பெண் கடைசியில் ஓட்டுப் போட்டாளா என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு மர நிழலுக்குப் போய் நின்று யாருக்கோ போன் செய்தாள். நாங்கள் கிளம்பும்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.

மர நிழல் என்றதும் நினைவு வருகிறது. வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் இந்தக் காலரி பேரி மரங்களைப் படத்தில் மட்டும் பார்க்க வேண்டும். பக்கத்தில் போனால் கருவாட்டுக் கடை. மரம் நடும் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டேன், ஆனால் வேறு மரம் நடட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு ஆண்டு பிறந்தது. வேப்பம்பூ ஊரிலிருந்து வந்த காய்ந்த பூ, மாங்காய் 74-ஆம் தெரு. பச்சடி எப்படியோ பச்சடியாகிவிட்டது.

சூரியன் மேஷத்தில் நுழைந்தால் எங்கள் தொகுதிக்கே புத்தாண்டு. வங்காளிகளுக்குப் பொய்லா பொய்ஷாக், நேபாளிகளுக்கு 2082, பஞ்சாபிகளுக்கு வைசாகி, எல்ம்ஹர்ஸ்ட் பக்கத்துத் தாய்லாந்துக்காரர்களுக்குச் சோங்க்ரான். டைவர்சிட்டி பிளாசா வழியாக வந்தபோது சிவப்புக் கரை வெள்ளைச் சேலைகள், கையில் டோல். ஒரு நேபாளித் தாத்தாவிடம் நானும் ‘ஹேப்பி நியூ இயர்’ என்றேன். ஏப்ரலில் இதைச் சொன்னால் இங்கே யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கும் நல்ல மாதம். தெரு கூட்டுவதற்காகக் காரை நகர்த்தும் விதி ஈதுக்கும் யூதர்களின் பாஸோவருக்கும் புனித வெள்ளிக்கும் தள்ளிவைக்கப்படுகிறது. எங்கள் புத்தாண்டுக்கு அந்தச் சலுகை இன்னும் இல்லை.

மாலை 7-ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில். 1977-இல் குடமுழுக்கு ஆன கோயில். அது வேறு தொகுதி, ஆனால் கோயில் தோசைக்கு எல்லை இல்லை.

ஏப்ரல் 26, சனி

34-ஆம் அவென்யூவின் நடுத்திட்டில் டூலிப். 69-ஆம் தெருவிலிருந்து ஜங்ஷன் புல்வார்டு வரை 26 பிளாக், காலை ஏழு முதல் இரவு எட்டு வரை கடந்து போகும் கார்களுக்கு இடமில்லாத தெரு. சைக்கிள் பழகும் பிள்ளைகள், ஜும்பா ஆடும் பாட்டிமார், மடக்கு நாற்காலியில் ஆங்கில வகுப்பு.

இந்தத் தெரு 2020-இன் வசந்தத்தில் திறந்தது. அந்த மார்ச்சில் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. இரவு முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். ஒரு வீட்டில் பத்துப் பேர் தங்கியிருந்தவர்களுக்கு மூச்சு வாங்க வெளியில் இடமே இல்லை. ‘தோட்ட நகரம்’ என்று பெயர் வாங்கிய பேட்டைதான் இது. எட்வர்டு மக்டூகலின் கம்பெனி நூறாண்டுக்கு முன் கட்டிய அடுக்ககங்களுக்கு நடுவே பிளாக் நீளத்துக்குத் தோட்டங்கள் உண்டு. அவற்றைச் சுற்றிக் கட்டடம், கட்டடத்துக்குப் பூட்டு. அந்தக் காலத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் வீடே தர மறுத்த இடம். இன்றும் தோட்டங்களை வெளியார் பார்க்க ஜூனில் ஒரு வாரக்கடைசிதான் வாய்ப்பு. பொதுப் பூங்கா என்று பார்த்தால் டிராவர்ஸ் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படி.

அதனால்தான் தெருவே பூங்காவானது. காரை நிறுத்த இடம் போச்சு, ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், முதியவர்கள் சிலரின் கவலையில் நியாயமும் உண்டு. ஆனாலும் காலையில் இரும்புத் தடுப்புகளை இழுத்து வைத்து இரவில் ஓரங்கட்டிய தன்னார்வலர்களைத் தொடக்க நாள்களில் பார்த்தவள் என்ற முறையில் நான் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மே 10, சனி

மேயர் புது பட்ஜெட்டை வைத்துவிட்டார், 11,500 கோடி டாலருக்குச் சற்று மேல். ஜூன் முடிவதற்குள் மன்றம் ஒப்ப வேண்டும். பள்ளிக் கழிப்பறை ஜெயித்தாலும் கட்டி முடிக்கச் சில வருடம் ஆகும் என்று மகனிடம் சொன்னேன். அதற்குள் தான் ஹைஸ்கூல் போய்விடுவேன் என்று கோபித்துக்கொண்டான். அப்போதுதான் தெரிந்தது, அவன் சீட்டில் எதைக் குறித்தான் என்று.

தபால் பெட்டியில் வேட்பாளர்களின் பளபளப்புத் தாள்கள் நிரம்புகின்றன. எல்லாம் எங்களுக்கு முன் இந்த வீட்டில் குடியிருந்தவரின் பெயருக்கு. உள்தேர்தலில் ஐந்து பேரை வரிசைப்படுத்தலாமாம். மகன் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஐந்தை எடுத்து அடுக்கினான்.

“அம்மா, உன்னோட அஞ்சு யாரு?”

மூன்றாவது இடத்தில் தகராறு. இன்னும் தீரவில்லை.