பழைய வீட்டின் முகப்பு
பழைய ஒற்றைத்தள வீட்டை அழகுபடுத்துவதென்றால், புதிதாக எதையேனும் அதன்மீது ஒட்டுவது என்றே பலரும் கருதுகின்றனர். பெங்களூரில் 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் வளர்ந்த பகுதி மல்லேசுவரம். அங்கு நான் வாடகைக்கு இருக்கும் ஓட்டுவீட்டின் முகப்பை மாற்ற உரிமையாளர் அம்மையார் விரும்பினார். வீடு பொலிவிழந்து நின்றால் பிள்ளைகள் இடித்துவிடுவார்கள் என்பது அவரது அச்சம்.

ஒப்பந்ததாரர் சிமெண்ட் பூச்சையும் அலுமினியப் பலகைகளையும் பரிந்துரைத்தார். சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியேவிட்டு உலரும் தன்மையது. சிமெண்ட் அவ்வழியை அடைத்துவிடும். சன்னலுக்கு மேல் கூம்பி நிற்கும் 'மங்கி டாப்' எனும் மரக்கூரை வெயிலையும் சாரலையும் தடுப்பது; பலகை வந்தால் அதுவும் போய்விடும்.

இவற்றை அம்மையாரிடம் விளக்கினேன். பின்னர்ச் செய்தவை எளியவையே: சன்னலை மறைத்த செடிகளைக் கத்தரித்தோம், உடைந்த ஓடுகளை மாற்றினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மரச்சட்டங்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம்.

பிள்ளைகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆயினும் விலை பேச வந்த ஒருவரிடம், விற்பதற்கில்லை என்று அம்மையார் முதன்முறையாகச் சொன்னார்.