மஞ்சள் மண்டியும் மறைவான ஏடுகளும்

இராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ளது நாமகிரிப்பேட்டை. நாதசுரக் கலைஞர் கிருஷ்ணனால் இசையுலகம் அறிந்த ஊர். மஞ்சளால் வணிகருலகம் அறிந்த ஊர். அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். விரலி, கிழங்கு, பனங்காளி என வகை பிரித்து ஏலத்துக்கு வைத்திருந்தார்கள். வியாபாரி ஒருவர் விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்த பிறகே விலை பேசினார்.

அருகிலிருந்த தேநீர்க் கடையில் ஒரே ஒரு நாளிதழ். ஆறேழு பேர் அதைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தனர். இதில் என்ன புதுமை என்று வாசகர்கள் கேட்கலாம். இவ்வாறு ஒரு தாளைக் கைமாற்றியதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு என்பது நம் நினைவுக்கு வந்தது.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வசமிருந்த பெல்ஜியத்தில், 1915-இல் 'லா லீப்ர் பெல்ஜீக்' என்னும் இரகசிய ஏடு தோன்றியது. தன் அலுவலகம் ஓடும் நிலவறை ஒன்றில் இருப்பதாக அச்சிட்டுப் பகைவரை நகையாடியது. இரண்டாம் உலகப் போரில் போலந்து மக்கள் 1939 நவம்பரிலேயே இரகசியச் செய்தி மடல் ஒன்றைத் தொடங்கினர். அது 40,000 படிகளுக்கு மேல் பரவியது. பிரான்சில் இயேசு சபைக் குரு பியேர் ஷாயே 1941-இல் தொடங்கிய ஏட்டின் பெயர் 'கிறிஸ்தவச் சாட்சியம்' என்று பொருள்படும். யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அது துணிந்து கண்டித்தது.

ஹாலந்தில் கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மா, நாஜி விளம்பரங்களை ஏற்காதீர் என்று கத்தோலிக்க ஏடுகளின் ஆசிரியர்களை நேரில் கண்டு வேண்டினார். 1942 ஜனவரியில் கைதாகி, ஜூலை 26-இல் டாக்கௌ முகாமில் உயிர் நீத்தார். 2022 மே 15-இல் நம் தேவசகாயத்துடன் இவரும் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்நாட்டில் 1943-இல் தோன்றிய இரகசிய ஏடு 'டிரௌ'. அதைச் சுமந்து சென்ற 23 பேரைப் பிடித்த ஜெர்மானியர், ஏட்டை நிறுத்தினால் அவர்கள் பிழைப்பார்கள் என்றனர். ஏடு நிற்கவில்லை, 1944 ஆகஸ்டில் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏட்டை நடத்தியவர்கள் செய்தது சரியா? அன்று அவ்விடத்தில் நில்லாத நாம் எளிதில் தீர்ப்புக் கூறலாகாது.

நம் நாட்டிலும் 1942 ஆகஸ்டில் காந்தியடிகளின் 'ஹரிஜன்' முடக்கப்பட்டது. லோகியாவும் அருணா ஆசப் அலியும் தலைமறைவாக 'இன்குலாப்' இதழை நடத்தினர். பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இரகசிய வானொலி நடத்தி நவம்பரில் பிடிபட்டனர். ஐரோப்பாவின் இரகசிய ஏடுகள் பல, இலண்டன் வானொலியை ஒளிந்திருந்து கேட்டே செய்தி எழுதின. அந்த இலண்டனின் ஆட்சிதான் இங்கே உண்மையின் வாயைக் கட்டியது. தம் நாட்டுக்கு நியாயமென்று கண்டதைப் பிறர் நாட்டுக்கு மறுப்பது மனித இயல்பு போலும்!

அன்று ஏடு சுமந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் உயிர்விலை. இன்று நாம் கைப்பேசியில் வந்ததை, மெய்யா பொய்யா என்று பாராமலே, நொடியில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு விரலி மஞ்சளுக்குக் காட்டும் கவனத்தைச் செய்திக்கும் காட்டலாகாதா?

எண்ணத்தில் ஆழ்ந்திருந்த நம்மிடம் பெரியவர் ஒருவர் ஒரு தாளை நீட்டினார்: "இந்தாங்க, படிச்சிட்டு அடுத்தவங்களுக்குக் குடுங்க."

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டோம்.