சிங்கையில் ஒரு நாள்

முதல் தடவையாகச் சிங்கப்பூர் போகிறீர்களா? கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: நம் 100 வெள்ளியை மாற்றினால் அங்கே 30 வெள்ளியை ஒட்டித்தான் தேறும். கவலை வேண்டாம், கால் இருக்கிறது!

ஜொகூர் பாருவில் 170-ஆம் எண் பஸ் ஏறுங்கள். இரண்டு சோதனைச் சாவடிகளிலும் மூட்டையோடு இறங்கி ஏற வேண்டும். குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால் சிராங்கூன் சாலைக்குப் பொடிநடைதான். மல்லிகை மணத்தால் தேக்கா வந்துவிட்டது தெரியும். மார்க்கெட்டோடு சேர்ந்த கடைகளில் பசியாறுங்கள். குளுகுளு உணவகங்கள் நமக்குக் கட்டுப்படியாகா. பக்கத்திலேயே பஃபலோ ரோடு. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம். பெயர் மட்டும் மிச்சம்.

வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போங்கள். 1819-இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை, 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கே சீனர் கடைகளுக்கு நடுவே நிற்கிறது.

ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குகிறீர்களா? தமிழ் அங்கே ஆட்சிமொழி. கட்டுமான வேலியில்கூட 'அபாயம்' என்று எழுதியிருக்கும், நின்று வாசித்தேன். ஞாயிறு மாலையானால், தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைக்கும் பிள்ளைகள் தேக்காவில் கூடுவார்கள். வழி கேளுங்கள். உங்கள் ஊரை விசாரித்துவிட்டுத்தான் பஸ் நிலையத்துக்கு வழி சொல்வார்கள்.