களை எடுக்கலாம், பயிரைப் பிடுங்கக் கூடாது

எங்க ஊர்ல இப்ப சுவரில் மாட்டுற பெரியவங்க படங்களைப் பார்த்தா எல்லோருக்கும் ஒரே முகம். கன்னத்துல மெழுகு பூசின மாதிரி வழவழப்பு, சுருக்கமே கிடையாது. அறுபது வருஷம் வெயில்ல நாத்து நட்டவங்க, வெயிலே படாதவங்க மாதிரி செக்கச்செவேல்னு இருக்காங்க.

அம்மாவோட எண்பதுக்கு எடுத்த படமும் அப்படித்தான் வந்தது. மூக்கோரத்து மச்சத்தையும், நெற்றியில் சின்ன வயசுல குத்தின பச்சையையும் காணோம். "யாருடா இந்தப் பொம்பளை?"ன்னு அம்மா கேட்டாங்க. பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம்னு எழுதுறதே மச்சத்தையும் தழும்பையும்தான். அதை அழிச்சா ஆள் எப்படித் தெரியும்?

சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் தம்பி மகன் கல்யாணப் படம் எடுக்கிறான். அசல் படத்தை வாங்கிட்டு அவன்கிட்ட போனேன்.

"பெரியப்பா, ரெண்டு வாரத்துல தானா போறதை எடுத்துடலாம். ஆயுசுக்கும் கூட இருக்கிறதைத் தொடக் கூடாது" என்றான். பரு, கொசுக்கடி, வியர்வைப் பளபளப்பு போகலாம். மச்சம், தழும்பு, பச்சை இருக்கணும். களையெடுப்பு மாதிரிதான்.

அசல் படத்துல கை வைக்காம, அதுக்கு மேலே காலியா ஒரு லேயர் போட்டுக்கிட்டான். ஹீலிங் பிரஷ்னு ஒண்ணு, போட்டோஷாப்பில் 2002-ல் வந்ததாம். பக்கத்துத் தோலின் சொரசொரப்பை எடுத்து, ஒட்டுற இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். ஒரு பருவுக்கு ஒரு தொடுதல், அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைத் தனி லேயரில் சரிசெய்து, அதோட ஒபாசிட்டியைப் பாதியாக் குறைச்சான். கருமை முழுசாப் போகல, தணிஞ்சது. பிளர் பக்கமே போகலை. பிளர் பண்ணினா தோலில் உள்ள நுண்துளைகள் மறைஞ்சு முகம் பொம்மை ஆயிடுமாம். நடுநடுவே படத்தைச் சின்னதாக்கி முழு முகத்தையும் பார்த்துக்கிட்டான். பெருசாக்கியே பார்த்தா எல்லாமே குறையாத்தான் தெரியும்.

நிறத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருக்கான். டியூப்லைட்டால் வந்த பச்சைச் சாயலை எடுக்கலாம், தோலை வெளுக்கக் கூடாது. முகமும் கழுத்தும் கையும் ஒரே ஆளோடதா இருக்கணும்.

டச்சப் ஒண்ணும் புதுசில்லை. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டூடியோக்காரங்க நெகட்டிவ் மேல பென்சிலால் செஞ்சதுதான். ஆனா சிவப்புதான் அழகுன்னு நம்ம மனசுல இருக்கிறதுக்கு எந்த மென்பொருளும் காரணமில்லை. 2017-ல் சென்னையில் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் ரெண்டு பேரும் லட்சுமி, சீதை, முருகன் வேஷத்தில் கறுத்த நிற மாடல்களை நிறுத்திப் படம் எடுத்தாங்க. 'டார்க் இஸ் டிவைன்'னு பேர். சாமி படத்தையே வெளுத்து வச்சிருக்கிற நாம, ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

அடுத்த தடவை வீட்டுப் பெரியவங்களைப் படமெடுக்கப் போனா முன்கூட்டியே ரெண்டு விஷயம் சொல்லிடுங்க: அசல் ஃபைல் எனக்கு வேணும், நிறத்தைக் கூட்டாதீங்க. சுருக்கம் இருந்தா இருக்கட்டும். பேரன் பேத்திகள் தொட்டுப் பார்த்த முகம் அதுதான்.