மழை விட்ட ராத்திரிகள்

மழை வேண்டுமென்று கும்பிடும் சம்சாரியும், இன்னும் ரெண்டு நாளைக்கு மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்க்கும் பட்டாசு ஆபீஸ்காரரும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஊர்கள் எங்கள் ஊர்கள். தீக்குச்சியானாலும் வெடியானாலும் வெயிலில் காய்ந்தாக வேண்டும். தூறல் விழுந்தால் காயப்போடும் மேடையில் வேலை நின்றுவிடும். ஆபீஸ் வண்டி வராது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. திருத்தங்கலில் நான் வளர்ந்த தெருவில் அந்த மாதிரி நாட்களில் பெரியவர்கள் திண்ணையில் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மட்டும் அந்த நாட்கள் மேல் தனி ஆசை. மழை விட்ட ராத்திரியில் எங்கள் வீட்டு முன்சுவருக்கு அந்துப்பூச்சிகள் வரும்.

எண்பதுகளின் கடைசி அது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், அதில் ஒரு குழல் விளக்கு, எதிரே மின்கம்பத்தில் நீலம் பாய்ந்த மெர்க்குரி விளக்கு. முதலில் ஈசல் வந்து இறகை உதிர்த்துவிட்டுப் போகும். அது ஓய்ந்தபின் அந்துகள். காய்ந்த சருகு, பறவையின் எச்சம், மரப்பட்டை என்று ஒவ்வொன்றும் வேறொன்றின் வேடத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பல்லிகளுக்கு அன்று விருந்து. விளக்கைச் சுற்றிச் சுற்றி மோதுவதைப் பார்த்து, "வெளிச்சத்து மேல அதுகளுக்கு அம்புட்டு ஆசை" என்பார் அம்மாச்சி. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் சொன்னது. இரவில் பறக்கும் பூச்சிக்கு வானம்தான் வெளிச்சமான பக்கம். அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால்தான் அதற்கு மேல் எது, கீழ் எது என்று தெரியும். நடுவில் நம் விளக்கு வந்ததும் அதற்கு முதுகைக் காட்டப் பார்க்கிறது, திசை கெட்டுச் சுழல்கிறது. அதிவேகக் கேமராவில் படம்பிடித்து இதைக் கண்டிருக்கிறார்கள். படித்த அன்று எங்கள் முன்சுவர்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் ஆசை என்று நினைத்தது அவற்றுக்கு எத்தனை பெரிய தவிப்பு!

வீட்டுக்குப் பின்னால் அம்மாச்சியின் கொல்லை. தோட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஒரு முருங்கை, வேலியோரம் நாலு ஆமணக்கு, பூவரசு, சாமிக்குப் பூப்பறிக்க அரளியும் நந்தியாவட்டையும், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் அந்திமந்தாரை. இத்தனைக்கும் தனித்தனியாக ஆள் உண்டு என்பது சீக்கிரமே எனக்குத் தெரிந்துபோனது. பூவரசு இலையைச் சுருட்டி உள்ளே குடியிருந்தது ஒரு சின்னப் பச்சைப் புழு. ஆமணக்கு இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றன, முதுகை வளைத்து வளைத்து நடக்கும் சாம்பல் புழுக்கள். கொல்லைக்கு வெளியே முள்மரத்தில் குச்சிகளை அடுக்கிக் கட்டிய சின்னக் கூடுகள் தொங்கும். உள்ளே இருப்பதும் அந்துப்புழுதான். அந்த இனத்தில் பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை. கட்டிய கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டுச் சாகும்.

இவற்றைப் பிடித்து வைக்க எங்களிடம் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், எங்கள் காலத்தில் வீட்டுத் திண்ணைக்கே வந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் பசையும் அட்டையுமாகப் பெட்டி ஒட்ட உட்காருவோம். எங்களில் சில பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் உட்கார்ந்தவர்கள். அதை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. கழித்துப் போட்ட பெட்டிகளில் ஒன்றில் முட்டை ஒட்டிய இலைத்துண்டு, இன்னொன்றில் கூட்டுப்புழு என்று நான் சேர்த்துவைத்திருந்தேன்.

தீப்பெட்டிக்குள் அடங்காத ஒன்று நந்தியாவட்டையில் இருந்தது. காலையில் அம்மாச்சி வாசல் தெளிக்கும்போது செடிக்கடியில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். மிளகைவிடப் பெரியவை, பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அது புழுவின் எச்சம். எச்சத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலே கிளையைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடும். விரல் பருமன், விரலைவிடக் கொஞ்சம் நீளம், இலைப் பச்சை. விலாவில் ஒரு வெள்ளைக்கோடு, அதன் மேலும் கீழும் வெள்ளைப் பொட்டுகள், வால் பக்கம் சின்னதாக வளைந்த ஒரு கொம்பு. கிளையை லேசாக அசைத்தால் தலையை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். உடனே அதன் மேல்முதுகு உப்பி, கருப்பு வளையமிட்ட இரண்டு நீலக் கண்கள் திறக்கும். கண்ணல்ல, வெறும் பொட்டு. குருவியை ஒரு நொடி தயங்க வைத்தால் போதும், அந்தப் பொட்டுக்கு வேறு வேலை கிடையாது. ஆடு வாய்வைக்காத அரளி இலையையும் தின்று செரிக்கும் இந்தப் புழு, வளர்ச்சி முடிந்ததும் பச்சை மாறிப் பழுப்பேறும். செடியை விட்டிறங்கி, சருகுக்கடியில் மெல்லிய நூலால் நாலு இலையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். எங்கள் வெக்கைக்கு இரண்டு வாரம் போல ஆகும். வெளியே வரும் பூச்சிக்குப் பச்சையும் ரோஜாநிறமும் வெள்ளையும் குழைந்து ஓடிய சிறகு. அரளி அந்து என்கிறார்கள். கரிசல் காட்டில் இப்படி ஒரு நிறம் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அதைப் படமெடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னது என் மாமா. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் வேலை பார்த்தார். காலண்டரில் முருகன் முகத்தை அச்சடிக்கும்போது நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, தாள் மேல் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதில் பார்த்தால் முருகனைக் காணோம், நீலமும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகள்தான் தெரியும். ஒரு மழைநாளில் செத்துக் கிடந்த அந்தின் சிறகு மேல் அந்த லென்ஸை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாரு தாயி, இங்கேயும் புள்ளிதான்."

ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாகச் செதில்கள். ஒரு செதிலுக்கு ஒரு நிறம். தள்ளி நின்று பார்த்தால் பச்சைப் பளிங்கு, கிட்டே போனால் வெறும் நிறத்துணுக்குகள். நாலு நிறத்தில் ஊரை வாழவைத்த அச்சுத்தொழிலை அந்தச் சிறகில்தான் நான் புரிந்துகொண்டேன்.

மாமாவிடம் பழைய பெண்டாக்ஸ் கேமரா ஒன்று இருந்தது. கிட்டத்தில் படமெடுக்கிற லென்ஸ் வாங்க வசதியில்லை. சாதா ஐம்பது எம்எம் லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அதுவே உருப்பெருக்கும் லென்ஸாகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படிப் பிடிக்கும்போது தெளிவு விழுகிற ஆழம் நூலளவுதான். புழுவின் கண் தெளிந்தால் கொம்பு மங்கும், கொம்பு தெளிந்தால் கண் போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சம் சிறகில் பட்டு வெளுக்காமலிருக்க அச்சகத்து டிரேசிங் தாளை மடித்து அதன் முன்னே கட்டினார். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அதில் கல்யாணம், காதுகுத்து போக மிச்சம்தான் எங்களுக்கு. அதனால் பார்த்த உடனே பொத்தானை அழுத்துவதில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்திமந்தாரை விரியும் நேரத்துக்கு வரும் பெரிய அந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் இறக்குவதைப் படமாகப் பிடிக்கவே முடிந்ததில்லை. கண்ணில்தான் இருக்கிறது.

காட்டில் கதை வேறு. அருப்புக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டுக்கு நிலக்கடலைப் புஞ்சை. அங்கே சிவப்புக் கம்பளிப்புழு என்றால் பிள்ளைகள்கூட விளையாட்டாகப் பேசமாட்டார்கள். கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். ஈரம் இறங்க ஒரு நல்ல மழை பெய்தால் போதும், வெள்ளை அந்துகள் மொத்தமாகக் கிளம்பிவிடும். ஒவ்வொரு பெண்ணும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த புழுக்கள் ஒரு புஞ்சையை மொட்டையடித்துவிட்டு அடுத்த புஞ்சைக்குப் படையாக நடக்கும். வரப்போரம் வாய்க்கால் வெட்டித் தடுப்பார்கள். மழை பெய்த இரவே காட்டில் அங்கங்கே தீ மூட்டுவதும் உண்டு. தீக்கு வந்து விழும் ஒவ்வோர் அந்தும் முட்டையிடாமல் போன அந்து. வேளாண்மைத் துறையும் இதையேதான் சொல்கிறது: விளக்குப் பொறி வை, மழை விழுந்தவுடன் தீ மூட்டு. இருட்டில் புஞ்சைக்குப் புஞ்சை தீ எரிய, வெள்ளைச் சிறகுகள் சுழன்று விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அத்தையின் முகத்தில் இருந்த பயத்தையும் பார்த்தவள் நான். அந்தப் பயத்தை மறந்துவிட்டு அந்தின் அழகை மட்டும் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

பின்னாளில் புத்தகங்கள் தேடினேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாம்ப்சன் அங்கேயே அந்துகளைச் சேகரிக்கத் தொடங்கி, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துகளுக்கு நான்கு தொகுதி எழுதினார். இந்தியாவின் அந்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கேதான் தொடங்க வேண்டும். கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914-இல் வந்தது. எள்ளில் எது, பருத்தியில் எது, ஆமணக்கில் எது என்று பயிர் தின்பவை அதில் வரிசையாக வரும். நன்றிக்குரிய உழைப்பு அது. இருந்தாலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்து வகைகள் உள்ள நாட்டில் நாம் நன்றாக அறிந்தது நமக்கு நட்டம் செய்த கொஞ்சத்தை மட்டும்தான். மிச்சமெல்லாம் நம் கொல்லையில் நம் கண்ணெதிரே பிறந்து, பறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போகின்றன.

இப்போது அந்தக் கொல்லை சிமெண்ட் தளம். முருங்கை இல்லை, ஆமணக்கை யாரும் முளைக்க விடுவதில்லை. தெருவிளக்குகள் எல்.இ.டி. ஆகிவிட்டன. பழைய மெர்க்குரி விளக்கின் புற ஊதா வெளிச்சம் இவற்றில் இல்லாததால் பூச்சி அவ்வளவாக வருவதில்லை. அது ஒருவகையில் அவற்றுக்கு நல்லதுதான். ஆனால் விளக்கை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. இலை இல்லாத இடத்தில் புழு எங்கே இருக்கும்? தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவைத்தான் கொண்டுவந்து ஊட்டும். சுடலைக்குயில் கம்பளிப்பூச்சியை விரும்பித் தின்னும். குருவியைக் காணோம் என்று வருத்தப்படுகிற நாம் புழுவைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

2012-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் பல நாடுகளில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஜூலை காய்ந்து கிடக்கும். நமக்கு ஏற்றது புரட்டாசி, ஐப்பசி மழை. அப்படி ஒரு மழை விட்ட ராத்திரியில் மாடியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதற்கு முன்னால் ஒரு விளக்கைப் போடுங்கள். கையிலிருக்கும் செல்போனே போதும், பிள்ளைகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள், வந்தவை வழி தெரிந்து போகட்டும். முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பியிருந்தால் பந்தம் கட்டிக் கொளுத்துவதை நான் தடுக்கமாட்டேன், அதன் ரோமம் பட்டால் படும் பாடு எனக்குத் தெரியும். நந்தியாவட்டையில் கொம்புவைத்த பச்சைப் புழுவைக் கண்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அது கடிக்காது, கொட்டாது. தின்ற கிளை அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.