பிரேக்கை மிதித்தால் எரிந்த மீட்டர் விளக்கு

காலை எட்டரை மணிக்கு அப்பாவின் அம்பாசடரைப் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன். 1984-ல் வாங்கிய மார்க் 4, பெட்ரோல் வண்டி. சந்தின் இரு பக்கமும் பழைய கதவுகளும் கியர் பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. கடை நடத்தும் பாய்க்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

"என்ன சார் பண்ணுது?"

"செல்ஃப் இழுக்க மாட்டேங்குது பாய். ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். இப்ப செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்க."

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "வேற?" என்றார். சொல்லத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். லைட் எதுவும் போடாமல் பிரேக்கை மிதித்தால், மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"சோக் கம்பி சுடுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் ஒரு காலையில் ஏழெட்டு முறை செல்ஃப் அடித்துவிட்டு பானெட்டைத் திறந்தபோது சோக் கம்பியில் கை பட்டுச் சுட்டது உண்மை. இன்ஜின் சூடு என்று விட்டுவிட்டேன். கிளம்பாத இன்ஜினில் சூடு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டும் எர்த்துதான் சார். ஆனா ரெண்டும் வேற வேற எடம்."

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் போகும். காரில் பெரும்பாலும் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே பாதை; அதுதான் எர்த். நாற்பது வருடத்தில் அந்த இரும்பு துருப்பிடிக்கிறது, செம்பில் களிம்பு ஏறுகிறது, டிங்கரிங் செய்தவர் போல்ட் உட்காரும் இடத்திலும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார். போகும் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள். என் வண்டியை அதுவரை பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பும் பாதையைத் தொடவில்லை.

முதலில் டிக்கிப் பக்கம் போனார். இடது பின்விளக்கின் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருப்பது ஒரே பல்பு, இரண்டு இழை: பார்க்கிங்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் அறுந்துபோனால் பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் எங்கே போகும்? பக்கத்திலிருக்கும் பார்க்கிங் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, பார்க்கிங் வயரிலேயே முன்னால் ஓடி, அதே வயரில் தொங்கும் மீட்டர் விளக்கின் வழியாக உடம்பில் இறங்குகிறது. அதனால்தான் என் கால் பிரேக்கில் இருக்கும்போது ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் வெளிச்சம். ஹோல்டருக்கும் உடம்புக்கும் இடையில் பாய் ஒரு துண்டு வயரைப் பிடித்தார். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இத்தனை நாளும் இடது பிரேக் விளக்கு இல்லாமல்தான் இரவில் ஓட்டியிருக்கிறேன். பின்னால் வந்தவர்களை நினைத்து வயிற்றைக் கலக்கியது.

செல்ஃபுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். "இத பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுறது," என்றார். காயில் வயரை எடுத்துவிட்டு, வண்டி கிளம்பாதபடி என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். இப்போது பேட்டரியில் 10.6. செல்ஃப் மோட்டாரில் 8.1. நடுவில் இரண்டரை வோல்ட் காணோம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை மோட்டாரின் போல்ட்டிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார்: 0.3. அது பரவாயில்லை. பிறகு ஒரு முனை பேட்டரி மைனஸில், மற்றது இன்ஜின் பிளாக்கில்: 2.2. கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கவேண்டிய இடம் அது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினையும் உடம்பையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு பட்டைச் செம்புக் கம்பி மட்டும்தான். பாய் கையை விட்டு அதைக் கழற்றி எடுத்தார். முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. இழைகளில் பாதி அறுந்திருந்தது. இந்தப் பாதை அடைபட்டதால்தான் செல்ஃபின் கரண்ட் சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது.

கழற்றிய பட்டையின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். "பீப்" என்று சத்தம் வந்தது; பட்டை நன்றாக இருப்பதாக மீட்டர் சொல்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தேன். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2.2 வோல்ட்டைத் தின்ன 0.015 ஓம் போதும். சாதாரண மீட்டருக்கு அது பூஜ்யம். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் கத்தும். செல்ஃபுக்கு அந்த ஒரு இழையால் என்ன பயன்? வேலை வாங்கிக்கொண்டே அளந்தால்தான் குறை தெரிகிறது. இது தெரியாமல் நல்ல பேட்டரிகள் இரண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

கடைப் பையன் உப்புத்தாளை எடுத்து உடம்பில் போல்ட் உட்காரும் இடத்தை வெள்ளி போலத் தேய்த்தான். புதுப் பட்டை, பல் வைத்த வாஷர், மேலே கொஞ்சம் வாஸ்லைன். பின்விளக்குக்குக் கருப்பில் தனி எர்த் வயர் இழுத்தார். கருப்புதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த வண்டி. வயர் நிறங்களும் பிரிட்டிஷ் முறை. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதற்குப் பிறகு ஃப்யூஸ் தாண்டியது, கருப்பு எர்த். டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். யாரோ எல்லாவற்றையும் சிவப்பு வயரிலேயே இழுத்து, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை உருகி டேப் நழுவியிருந்தது. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள்.

அதைப் பார்த்துத்தான் பாய்க்குக் கோபம் வந்தது. "வயர் எரியக்கூடாதுன்னுதான் சார் ஃப்யூஸ் எரியுது. இத வச்சா வண்டி எரியும். புள்ளைங்கள உக்கார வச்சு ஓட்டுறீங்கள்ல?" எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளித்தாளை உருவி, சரியான அளவு ஃப்யூஸைப் போட்டார். சிவப்பு வயர்களைப் பிரித்து ஒழுங்குசெய்ய ஒரு முழு நாள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள் என்றார்.

கடைசியாக மறுபடி பேட்டரி மைனஸிலும் இன்ஜின் பிளாக்கிலும் மீட்டரை வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.1. காயில் வயரை மாட்டியதும் அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட். சார்ஜிங்கும் சரி. பழைய பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எழும்பூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று ஸ்பீடாமீட்டருக்கு மேல் கையைக் குவித்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு.